ஏழு ஆட்டங்களும் நாலு நோ போலும்

ரொறன்ரோப் பக்கத்தில் பந்து எறிந்து சம்பளம் வாங்கிய முதல் தமிழன் நான்தான். இதை நாலு பேர் இருக்கும் இடத்தில் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் எனக்கு முந்திய ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தட்டும், நான் இரண்டாவது ஆளாக ஒதுங்கி நிற்கிறேன். இத்தனை வருடமாக ஒருவரும் கூட்டிவரவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைகாலம், விட்பி என்ற ஊருக்கும் அப்பால் இருந்த ஒரு சின்னப் பேஸ்போல் கழகத்துக்கு நான் பிச்சராக இருந்தேன். மைதானத்தின் நடுவே உள்ள மண்மேட்டில் நின்று, மட்டை பிடித்திருப்பவனை நோக்கிப் பந்தை எறிபவன்தான் பிச்சர். மொத்தம் ஏழு ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு காசோலை தந்தார்கள், என் பெயரை ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு விதமாகப் பிழையாக எழுதி. முதலாவதை வங்கியில் போட மனம் வராமல் இரண்டு கிழமை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் இதைச் சொல்வதற்கு ஊரிலிருந்து தொடங்க வேண்டும். பயப்பட வேண்டாம், அங்கே அதிக நேரம் நிற்கமாட்டேன்.

பத்தொன்பது வயதில் நான் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் வேகப்பந்து வீச்சாளன். கெட்டிக்காரன் என்று நானே சொல்வது அழகில்லை, ஆனாலும் கெட்டிக்காரன்தான். பக்கத்து ஊர்க் கழகத்தோடு இறுதி ஆட்டம். அம்பயராக நின்றவர் அந்தக் கழகத்தின் பழைய ஆட்டக்காரர், அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். நான் வழக்கப்படி என் தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன். ஓவர் முடிந்ததும் அம்பயர் தொப்பியைத் திருப்பித் தருவார். கிரிக்கெட்டில் அதுதான் முறை.

முதல் பந்துக்கே அவர் கையை நீட்டி “நோ போல்” என்றார், செல்லாத பந்து. கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டேனாக்கும் என்று நிலத்தைப் பார்த்தேன். இரண்டாவது பந்தை ஓரடி உள்ளே நின்று போட்டேன். திரும்பவும் நோ போல். மூன்றாவதுக்கும் கை நீண்டபோது நான் அவரையே பார்த்தேன்.

“கால் இல்லைத் தம்பி, கை. நீ எறியிறாய்” என்றார்.

நாலாவதும் அப்படியே போயிற்று. எங்கள் கப்டன் வந்து என் கையிலிருந்த பந்தை வாங்கி வேறொருவனிடம் கொடுத்தான்.

கிரிக்கெட்டில் பந்தை வீச வேண்டும், எறியக் கூடாது. கோட்டைத் தாண்டிக் கால் வைப்பது தவறு. அதை யாரும் செய்யலாம், மன்னித்துவிடுவார்கள். எறிகிறான் என்று பெயர் வந்தால் கள்ளன் என்று பெயர் வந்த மாதிரி. அதுவரை நான் எடுத்த விக்கெட் எல்லாம் களவெடுத்த விக்கெட் ஆகிவிட்டது. அவரிடம் கொடுத்த தொப்பியைக்கூட வாங்காமல் மைதானத்தைவிட்டு நடந்தேன். அடுத்த நாளிலிருந்து ஊரில் எனக்குப் பட்டப்பெயர் கல்லெறி. அதன்பிறகு நான் பந்து போடவில்லை. ஆனால் கிரிக்கெட் விதிப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, எறிவது பற்றிய பகுதியை மனப்பாடம் ஆகும்வரை வாசித்தேன். கை மடங்கியிருப்பது குற்றமில்லை, மடங்கிய கை பந்தை விடும் நேரத்தில் நிமிர்வதுதான் குற்றம் என்று அதில் இருந்தது. என் கை நிமிர்ந்ததா இல்லையா என்பதை நானே எப்படிக் காண்பேன்? ஓடிவந்து பந்து போடுகிறவனுக்குத் தன் முழங்கை தெரியாது.

நாடு இருந்த நிலையில் ஒரு நோ போல் பெரிய விசயமா என்று கேட்பீர்கள். வீட்டைவிட்டு ஓடியதும், கொழும்பில் அடைந்து கிடந்ததும், விமானம் ஏறியதும் எல்லோருக்கும் நடந்தது. கள்ளன் என்ற பெயர் எனக்கு மட்டும் நடந்தது. அதை நான் பெட்டியில் வைத்துக் கனடாவுக்கும் கொண்டுவந்தேன்.

வந்து பார்த்தால் அந்த அம்பயர் எனக்கு முதலே வந்து நிற்கிறார். ஸ்காபரோவில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இருந்த அப்பார்ட்மென்டுக்கு முன்னால் ஒரு பிளாசா. அதில் மரக்கறிக் கடைக்கும் புடவைக் கடைக்கும் இடையில் அவருடைய வீடியோக் கடை. தமிழ்ப் படக் கசெற் வாடகைக்குக் கொடுப்பார். வார இறுதியில் கட்டிடமே அங்கே வரிசையில் நிற்கும். நான் மட்டும் பனியில் பதினைந்து நிமிடம் நடந்து அடுத்த பிளாசாவில் இருந்த கடைக்குப் போய் அதே படத்தை எடுத்து வருவேன்.

“உவனுக்குப் படம் பாக்கிறதிலை விருப்பமில்லை. நடக்கிறதிலைதான் விருப்பம்” என்று அறைத் தோழர்கள் பகிடி பண்ணுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் கிரிக்கெட் நடக்கும். அங்கேயும் நான் எல்லைக்கோட்டில்தான் நிற்பேன். பந்தைத் திருப்பி அனுப்பும்போதுகூடக் கையைத் தூக்காமல் கீழாலேயே விடுவேன். என்னைப் பார்த்து இன்னொரு தடவை “எறியிறாய்” என்று யாரும் சொல்லக்கூடாது.

நான் வேலை செய்தது ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலையில். ஒருநாள் சாமான் அடுக்கும் உயர்ந்த தட்டின் உச்சியில் ஒரு வெற்றுப் பெட்டி சிக்கிக்கொண்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன் தன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கையிலிருந்த ஒட்டும் நாடாச் சுருளை எடுத்து ஒரே எறி. பெட்டி அவன் வண்டிக்கு முன்னால் விழுந்தது. அவன் இறங்கிவந்து பெட்டியைப் பார்க்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து தட்டுவரை காலால் அளந்து பார்த்தான். பிறகு இன்னொரு சுருளை என் கையில் தந்து, கம்பத்தில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளைக் காட்டினான். அதையும் அடித்தேன்.

அவன் அந்தச் சின்னக் கழகத்தின் கச்சர். பிச்சர் எறிவதை மண்டியிட்டுப் பிடிப்பவன். அவர்களுடைய பிச்சர்கள் இருவரும் காயப்பட்டிருந்தார்கள். ரொறன்ரோ பேஸ்போல் அணி உலகத் தொடரை வென்று சூடு ஆறாத காலம் அது, பேஸ்போல் தெரியாத மனிதர் ஒன்றில் நேற்று வந்தவர் அல்லது பொய் சொல்பவர். சனிக்கிழமை காலையில் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பயிற்சியாளரின் முன்னால் நிறுத்தினான். பயிற்சியாளர் சூரியகாந்தி விதையைச் சப்பித் துப்பிக்கொண்டே நிற்கும் கட்டை மனிதர். எறி என்றார்.

எறி! ஒரு மனிதர் கால்மேல் கால் போடாத குறையாக நின்றுகொண்டு, கூச்சமே இல்லாமல், என்னை எறியச் சொல்கிறார். ஊரில் களவு, இங்கே உத்தியோகம். எறிகிறான் என்றுதானே சொன்னீர்கள், சரி, எறிகிறேன், காசுக்கு எறிகிறேன் என்று நினைத்துக்கொண்டு விட்டேன். பந்து போய்க் கச்சரின் கையுறையில் விழுந்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பத்துப் பந்து முடிந்ததும் பயிற்சியாளர் துப்புவதை நிறுத்தியிருந்தார்.

முதல் நான்கு ஆட்டங்களில் என்னைத் தொட ஆளில்லை. என் பந்து மற்றவர்களுடையதைவிட வேகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது எங்கிருந்து புறப்படுகிறது என்று மட்டை பிடித்தவர்களுக்குப் பிடிபடவில்லை. பெரிய பெரிய ஆட்கள் காற்றை அடித்துவிட்டு என்னை முறைத்துக்கொண்டு போவார்கள். பயிற்சியாளருக்கும் காரணம் தெரியாது. காரணம் தெரியாத நல்லதைக் கிளறக்கூடாது என்று அவர் பேசாமல் இருந்தார். நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். வேலையிடத்தில் முதலாளியே வந்து கைகொடுத்தார்.

மூன்றாவது ஆட்டத்தில்தான் ஒரு கூத்து நடந்தது. என் பந்து ஒன்று எதிரணிக்காரனின் விலாவில் பட்டுவிட்டது. நல்ல அடி. அவன் வளைந்துபோய் நின்றான். கிரிக்கெட்டில் இப்படி அடிபட்டால் பந்து போட்டவன் கிட்டப் போய், தோளைத் தடவி, பலமா என்று கேட்பான். கேட்காவிட்டால்தான் மரியாதை கெட்டவன். நான் மேட்டிலிருந்து இறங்கி அவனை நோக்கி ஓடினேன். பாதி வழியில் மைதானமே அதிர்ந்தது. இரண்டு பக்கத்து வாங்குகளிலும் இருந்த அத்தனை பேரும் எழும்பி ஓடிவருகிறார்கள். எதிர் அணியில் ஒருவன் என் சட்டையைப் பிடித்துவிட்டான். எங்கள் கச்சர் பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்து மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு போனான்.

அடித்த பிச்சர் அடிபட்டவனை நோக்கி இறங்கினால், சண்டைக்கு வருகிறான் என்று இங்கே அர்த்தமாம். அடித்துவிட்டு மறுபக்கம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். அது என்னால் முடியாத காரியம். அடுத்த கிழமை அதே அணியோடு ஆட்டம் இருந்தது. ஒரு பெட்டி நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போய் அவர்களுடைய வாங்கில் வைத்தேன். விலாவில் அடிபட்டவன் மூன்று சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு வந்து என் பந்தைக் காற்றில்தான் அடித்தான்.

இந்த வெற்றியெல்லாம் வீடியோக் கடைக்கும் போய்ச் சேர்ந்தது. என் அறைத் தோழன் ஒருவன் படம் எடுக்கப் போன இடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா?

“அவன் எறிவான் எண்டு எனக்கு அப்பவே தெரியும். அவனை முதல் கண்டுபிடிச்சது நான்தான்.”

தோழன் அதைப் பகிடியாகத்தான் வந்து சொன்னான். அவ்வளவு நாளும் நான் அவரை மீறி வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் எறிந்த ஒவ்வொரு பந்தும் அவர் பக்கம்தான் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் எவ்வளவு நல்ல பிச்சரோ, அவ்வளவுக்கு அன்றைய நோ போல் சரி. அந்தக் கோபத்தோடு ஐந்தாவது ஆட்டத்துக்குப் போனேன்.

ஐந்தாவதில் அடிக்கத் தொடங்கினார்கள். ஆறாவதில் நொறுக்கினார்கள். என் பந்து புறப்படும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று கச்சர் சொன்னான். தோளும் வலிக்கத் தொடங்கியது, காலையில் சட்டை போடுவதற்குக் கை மேலே போகாது. ஏழாவது ஆட்டத்தில் பயிற்சியாளர் ஒரு வீடியோக் கமராவைக் கொண்டுவந்து மேட்டுக்குப் பக்கவாட்டில் நிறுத்தினார். இரண்டாவது இன்னிங்ஸிலேயே என்னை எடுத்துவிட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் கழக அறையில் இருந்த ரீவியில் அதைப் போட்டுக் காட்டினார். முதலில் வேறொரு பிச்சர். அவனுடைய முழங்கை மடங்கி, பந்தை விடும்போது கதவு திறக்கிற மாதிரி விரிந்து நிமிர்கிறது. அடுத்தது நான். பயிற்சியாளர் படத்தை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டார். என் கை மேலே வரும்போது கொஞ்சம் வளைந்திருக்கிறது. பந்தை விடும்போதும் அதே அளவு வளைந்திருக்கிறது. விட்ட பிறகும் அதே வளைவு.

நீ எறியவே இல்லை, என்றார். முழங்கை வேலையே செய்யவில்லை, முழுவதையும் தோளால் இழுக்கிறாய். கையை நீட்டு பார்ப்போம், என்றார்.

நீட்டினேன். நன்றாக நீட்டு என்றார். இதற்குமேல் நீளாது என்றேன். அவர் ஒரு மட்டையை எடுத்துத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை என் கையோடு பிடித்தார். முழங்கைக்கும் மட்டைக்கும் நடுவில் இன்னொருவருடைய கைமுட்டி நுழையலாம். இருபத்தேழு வருடமாக என்னோடு இருந்த கை, நான் அதை நேராக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எக்ஸ்ரே எடுத்த டொக்டர் அதைப் பார்த்த உடனேயே கேட்டார், சின்ன வயதில் முறிந்ததா என்று. முறிந்ததுதான். ஆறு வயதில் சைக்கிள் பாரிலிருந்து விழுந்தேன், மூலிகைப் பத்துப் போட்டுக் கட்டினார்கள், நோவு மாறியது, எல்லோரும் மறந்துவிட்டோம். எலும்பு அந்த வளைவிலேயே பொருந்திவிட்டது, இந்தக் கை நிமிராது, எந்த நாளும் நிமிர்ந்திருக்காது என்றார் டொக்டர். இப்படியே எறிந்தால் இலையுதிர் காலத்துக்குள் தோள் போய்விடும் என்றும் சொன்னார்.

பயிற்சியாளர் நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் நிறுத்தினார். அணியின் தொப்பியை நீயே வைத்துக்கொள் என்றார். நான் கேட்டது அந்த வீடியோக் கசெற்றின் ஒரு பிரதியை மட்டும். தோற்ற ஆட்டத்தின் படம் எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் தந்தார்.

ஸ்காபரோவுக்குத் திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் இருந்து அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் ஒரு ரிஷ்யுத் தாளை நீட்டினாள். துக்கம் என்று நினைத்திருப்பாள். சந்தோசத்தில் அழுகிறேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? பிச்சர் வேலை போனது அன்று காலையில். ஆனால் நிமிராத கையால் எறிய முடியாது. காசு தந்து, மேட்டில் ஏற்றி, எறி எறி என்று ஒரு கோடைகாலம் முழுக்கக் கேட்டும் என் கை எறியவில்லை. அந்த நாலு பந்தும் சுத்தமான பந்துகள். என் விக்கெட் எல்லாம் என் விக்கெட்.

பஸ்ஸால் இறங்கி நேரே வீடியோக் கடைக்குப் போனேன். சனிக்கிழமை, சனம் நிறைந்திருந்தது. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக நான் உள்ளே வருவதைப் பார்த்து அவர் கையிலிருந்த கசெற்றை மேசையில் வைத்தார்.

“வா தம்பி. என்ன படம் வேணும்?”

“படம் நான் கொண்டு வந்திருக்கிறன் அண்ணை. போடுங்கோ.”

படங்களைப் பிரதி எடுப்பதற்கு அவரிடம் ஒரு நல்ல டெக் இருந்தது, ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் பார்க்கலாம். ஒன்றும் கேட்காமல் போட்டார். மற்றப் பிச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னுக்கு ஓட்டித் திரும்பப் பார்த்தார். படம் எடுக்க வந்தவர்கள் பொறுமை இழந்து “அண்ணை, அண்ணை” என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. நான் எக்ஸ்ரேயை வெளியே எடுத்தேன். அவர் அதை வாங்கவில்லை.

“உன்ர கையைத் தா” என்றார்.

மேசைக்கு மேலால் நீட்டினேன். முழங்கையைப் பிடித்து மெதுவாக அமத்திப் பார்த்தார். அது அசையவில்லை.

“அண்டைக்கு நான் வளைவைத்தான் பாத்தனான்” என்றார். “நிமிருதோ எண்டு பாக்கேல்லை.”

ஐந்து வருடமாக இந்த மனிதரிடம் சொல்வதற்கு நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சுகள் குறைந்தது பத்து இருக்கும். ஒன்றுக்கும் அவர் இடம் வைக்கவில்லை. அவர் படம் எடுக்க வந்தவர்களைப் பார்த்து, “பத்து நிமிசம் பொறுங்கோ” என்று சொல்லி எல்லோரையும் வெளியே விட்டுக் கதவைப் பூட்டினார். கடைக்குப் பின்னால் இருந்த கார்த் தரிப்பிடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மரக்கறிக் கடையின் பால் கூடை ஒன்றை எடுத்துவந்து விக்கெட்டாக வைத்துவிட்டு அதற்குப் பின்னால் போய் நின்றார்.

“நாலு பந்தெல்லே? போடு, பாப்பம்.”

என் பையில் ஒரு பேஸ்போல் பந்து இருந்தது. தலையில் அந்தக் கழகத்தின் தொப்பி. பழக்கம் எங்கே போகும், கழற்றி அவரிடம் கொடுத்தேன். இரண்டு கார்களுக்கு நடுவால் பின்னே போய், எட்டு வருடத்துக்குப் பிறகு ஓடிவந்தேன். தோள் நெருப்பாக எரிந்தது. பந்து தாரில் குத்தி எழும்பிக் குப்பைத் தொட்டியில் பட்டு இடித்தது. நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

அவர் கை எழும்பவில்லை.

“இன்னும் மூண்டு கிடக்கு” என்றார்.

இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் அவர் குனிந்து என் முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே விடப்பட்டவர்கள் ஒவ்வொருவராகக் கட்டிடத்தைச் சுற்றி வந்து, ஒன்றும் விளங்காமல், ஆனால் ஒருவரும் சிரிக்காமல் மதிலோரம் நின்றார்கள். நாலாவது பந்தை என்னால் முடிந்த அளவு வேகமாகப் போட்டேன். அதுதான் நான் வாழ்க்கையில் போட்ட கடைசிப் பந்து.

அவர் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, “ஓவர்” என்றார். பிறகு என்னிடம் நடந்து வந்து தொப்பியை நீட்டினார்.

“இந்தா. அண்டைக்கு வாங்காமல் போயிட்டாய்.”

வாங்கித் தலையில் போட்டுக்கொண்டேன்.